மூன்று முறை கேட்ட பிறகு

சனிக்கிழமை, இரவு ஒன்றே கால்

அன்புள்ள நாலாங்கம்பி அக்காவுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். கடிதம் உங்கள் கைக்கு வரும்போது பகலாகத்தான் இருக்கும். ஆனாலும் வரிகள் கோணிக்கொண்டு போவதைப் பார்த்து நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள். பகலில் எழுதிவிடலாம் என்று நான்கு நாள் பார்த்தேன். நான் பேனாவை எடுத்தாலே அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடுகிறது.

போன வருஷம் நீங்கள் அனுப்பிய பார்சலின் அட்டையை எடுத்து வைத்திருந்தேன், முகவரி அதில்தான் கிடைத்தது. உறைமேல் உங்கள் நிஜப் பெயரை எழுதும்போது யாரோ தெரியாதவருக்கு எழுதுவது போல இருந்தது. அதனால் உள்ளே குழுவில் கூப்பிடும் பெயரையே போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா, இணையத்தில் நம் செல்லோ குழுவுக்கு நீங்கள் கடைசியாக வந்து இருபத்தாறு நாள் ஆகிறது. நான் தனியாக அனுப்பிய இரண்டு செய்திகளையும் நீங்கள் திறக்கவில்லை. அதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு வரி என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் எடுத்ததும் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை, கொஞ்சம் வீட்டுச் சேதி சொல்லிவிட்டு வருகிறேன்.

பாப்பாவுக்குக் கீழ்ப்பல் இரண்டு முளைத்துவிட்டது. பல் சேதி என்றால் முதலில் உங்களுக்குத்தானே சொல்ல வேண்டும்? வலது பக்கத்துப் பல் லேசாகத் திரும்பியிருக்கிறதோ என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இவர் சிரிக்கிறார். "ரெண்டு பல்லுக்கு இந்தப் பாடுன்னா முப்பத்திரண்டும் வர்றதுக்குள்ள நீ டார்ச்சுக்கே டாக்டர் பட்டம் வாங்கிடுவ" என்கிறார். எட்டு மாதம் முடிந்தும் இன்னும் தவழவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே சுற்றுகிறாள். டாக்டர் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். இருந்தாலும் அவர் சொல்லும்போது கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நினைத்து ஒரு வாரம் தூக்கம் போயிற்று. நான் இப்படித்தான் என்று உங்களுக்குத் தெரியும். குழுவில் எனக்கு 'அரைத்தூக்கம்' என்று பெயர் வைத்ததே நீங்கள்தானே.

அத்தை வந்து இரண்டு மாதம் தங்கிவிட்டுப் போனார். உதவி என்றால் உதவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் செல்லோவை எடுத்தால் போதும். "வீட்ல ஒரு புள்ள அழுறது பத்தாதா? மரத்தை வேற அழ வைக்கணுமா?" என்பார். அவருக்கு அது ஆளுயர வயலின், அவ்வளவுதான். கிளம்புகிற அன்று மட்டும் கதவருகில் நின்றுகொண்டு, "அந்தக் கடைசியா வாசிச்சியே, அது பரவாயில்ல" என்றார். நான் வாசிக்கவே இல்லை, அக்கா. அது உங்கள் பதிவு. அந்தப் பாராட்டை நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

இந்தச் செல்லோ என் கையில் இன்னமும் பேசுகிறது என்றால் அதற்கு நீங்கள்தான் காரணம். நன்றியை அப்போதே ஒழுங்காகச் சொல்லவில்லை. எட்டாம் மாதத்தில் வயிறு ஒரு பக்கம், செல்லோ ஒரு பக்கம், இரண்டையும் அணைத்துப் பிடிக்க முடியவில்லை. சரி, நானும் ஓய்வெடுக்கிறேன், அதுவும் ஓய்வெடுக்கட்டும் என்று நான்கு கம்பிகளையும் ஒரே மூச்சில் தளர்த்தி, பையில் போட்டு அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். குழந்தை பிறந்து இரண்டு மாதம் கழித்துத் தூக்கினால் உள்ளே 'கடகட' என்று ஏதோ உருளுகிறது. கம்பிகளைத் தாங்கும் குதிரை கழன்று பைக்குள் கிடந்தது. கம்பிகளின் அழுத்தத்தில் மட்டுமே உள்ளே நிற்கும் அந்தச் சின்னக் குச்சியும் விழுந்துவிட்டது. அதற்குப் பசை கிடையாது, ஆணி கிடையாது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கல்லூரியில் இரண்டு வருஷம் வாசித்தேன் என்று பெயர்.

அன்று அழுதுகொண்டேதான் குழுவைத் தேடிக் கண்டுபிடித்தேன். இணையத்தில் மற்ற இடங்களில் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உண்டு, குழந்தைக்குச் சளி என்று கேட்டால்கூட "நீயெல்லாம் ஒரு அம்மாவா" என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். அதனால் கேள்வியை எழுதிவிட்டு போனைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டேன். இருபது நிமிடத்தில் உங்கள் பதில். "முதல்ல நீ சாப்ட்டியா? குச்சி எங்கயும் ஓடிப்போகாது. இது செல்லோ வச்சிருக்கிற எல்லாரும் ஒரு தடவை பண்றதுதான். நான் ரெண்டு தடவை பண்ணேன், எனக்கு மூளை கொஞ்சம் கம்மி" என்று எழுதியிருந்தீர்கள். நீயாகக் கம்பியை விட்டுக் குத்திப் பார்க்காதே என்று தடுத்து, என் ஊரிலேயே வயலின் பழுது பார்க்கும் ஒருவரை விசாரித்துக் கொடுத்தீர்கள். பிறகு புதுக் கம்பிகளை அனுப்பினீர்கள், கூடவே பாப்பாவுக்கு ஒரு சின்ன தொப்பி.

குழுவைப் பார்த்துக்கொள்ளும் லிஃப்ட் மெக்கானிக் அண்ணன் போன வாரம்தான் என்னிடம் சொன்னார், நீங்கள் ஒரு தடவைகூட அந்தத் தவறைச் செய்ததில்லையாம். எனக்காக இரண்டு தடவை செய்தவராக ஆனீர்கள். அதைக் கேட்டதிலிருந்து என் மனசு ஒரு நிலையில் இல்லை.

இனிமேலும் தள்ளிப்போட முடியாது, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் குழுவில் ஒரு வழக்கம் இருக்கிறது: யாருடைய பதிவையும் மூன்று முறை கேட்காமல் ஒரு வார்த்தை எழுதக் கூடாது. நான் சேர்ந்த அன்று அதை எனக்கு விளக்கியதும் நீங்கள்தான். "முதல் தடவை பாட்டு கேக்கும், ரெண்டாவது தடவை வாத்தியம் கேக்கும், மூணாவது தடவைதான் ஆள் கேக்கும்" என்றீர்கள். அன்று எனக்கு அது அழகான பேச்சாக மட்டும்தான் பட்டது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அந்த மெதுவான துண்டைப் போட்டீர்கள். கடைசியில் நாலாம் கம்பியில் நீளமாக ஒரே ஒரு சுரம். நான் அதை ஒரே ஒரு தடவை கேட்டேன், அதுவும் ஒரு காதில் மட்டும். மடியில் பாப்பா, அடுப்பில் பால் பாட்டில்கள் கொதிக்கின்றன. கேட்ட கையோடு எழுதினேன்: "அக்கா, கடைசிச் சுரத்தில் வில் தண்ணீர்போல நடுங்குகிறதே, அதை எப்படிச் செய்கிறீர்கள்? எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள்." நான் சொல்லிவிட்டேன் என்று ஊரே பின்னால் வந்தது. பதினேழு பேர். மூக்கடைத்த மாதிரி செல்லோ ஒலிக்கும் நம் மழலைப் பள்ளி ஆசிரியர், அதுதான் நம் 'ஜலதோஷம்', தானும் முயன்று ஒரு பதிவே போட்டார். லிஃப்ட் அண்ணன் தான் முயன்றதைப் பார்த்து வீட்டில் காய்ச்சல் மாத்திரை எடுத்து வந்துவிட்டார்கள் என்று எழுதினார். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் எழுதியது ஒரே வரி: "அது தானா வருது. சொல்லித்தர முடியாது." பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை. அதோடு சரி, அதற்குப் பிறகு உங்களைக் காணவில்லை.

முதல் இரண்டு நாள் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கமாக இருக்கிறது சொல்ல. பத்து நாளாகியும் நீங்கள் வராததால்தான் விட்ட குறைக்கு இரண்டாவது தடவை கேட்டேன். இரண்டு காதிலும், கதவைச் சாத்திக்கொண்டு. சுரம் தொடங்குவதற்கு முன்பே வில் கம்பிமேல் 'டிக் டிக்' என்று படுவது கேட்டது. மூன்றாவது தடவை, எல்லாம் முடிந்து பதிவை நிறுத்துவதற்கு முன், நீங்கள் மூச்சை விட்டு மெதுவாக "ச்சே" என்றது கேட்டது.

பிறகு உங்கள் பழைய பதிவுகளை எல்லாம் வரிசையாகக் கேட்டேன். நாலைந்து மாதமாக நீளச் சுரமே இல்லை, விரலால் மீட்டும் துண்டுகள்தான் அதிகம். அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. பல் செட் செய்யும் உங்கள் கூடத்தில் மெழுகில் பல் அடுக்கும் மேசையிலிருந்து உங்களைப் பொட்டலம் கட்டும் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்று ஒரு நாள் எழுதியிருந்தீர்கள். "இவ்வளவு நாளா ஊருக்கெல்லாம் சிரிப்பு செஞ்சு குடுத்தேன், இப்ப சிரிப்புக்கு அட்டைப்பெட்டி மடிக்கிறேன்" என்று. நான் அதற்கும் விழுந்து விழுந்து சிரித்து ஒரு பதில் போட்டேன். ஏன் மாற்றினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லையே.

அந்த நடுக்கம் நீங்களாகச் செய்ததில்லை என்று நான் நினைப்பது தவறாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னை நன்றாகத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இவரும், "நீயா எதையாவது முடிச்சுப் போட்டுக்காத, அவங்க எங்கயாவது போயிருப்பாங்க" என்கிறார். லிஃப்ட் அண்ணனிடம் நான் சந்தேகத்தைச் சொல்லவில்லை, அக்கா நன்றாக இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டேன். அவர், "எனக்கும் கவலையாத்தான் இருக்கும்மா, ஆனா அவங்களா சொல்லாம நாம கேக்கறது மரியாதை இல்லையே" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். அந்த மரியாதையால்தானே நம் குழு மற்ற இடங்களைப் போல இல்லாமல் வீடு மாதிரி இருக்கிறது. ஆனால் மரியாதை, மரியாதை என்று எல்லோரும் வாசலிலேயே நின்றால் உள்ளே இருப்பவருக்கு யார் ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது? அதனால் நான் ஒருத்தி கதவைத் தட்டுகிறேன். மரியாதை குறைந்த பெண் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

நான் எழுதிய வரியை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். நீக்கினால் ஏன் நீக்கினாள் என்று எல்லோரும் உற்றுக் கேட்க ஆரம்பிப்பார்கள். அதனால் அப்படியே விட்டிருக்கிறேன். நீங்கள் சொன்னால் அடுத்த நிமிடம் எடுத்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் மனசை அரிக்கிறது. எத்தனையோ தடவை ஒரு பிசிறுக்காகப் பதிவைத் திரும்ப எடுக்கிறவர் நீங்கள். "ச்சே" என்று அலுத்துக்கொண்ட பிறகும் அதை வெட்டாமல் போட்டீர்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாமல், யாராவது காது கொடுத்துக் கேட்பார்களா என்றுதான் போட்டீர்களா? நாங்கள் கைதட்டிவிட்டு, எங்களுக்கும் சொல்லிக்கொடு என்று கேட்டோமே.

டாக்டரைப் பார்த்தீர்களா அக்கா? தனியாகப் போக வேண்டாம் என்று தோன்றினால் நான் வருகிறேன். ரயிலில் ஆறு மணி நேரம்தான், பாப்பா ரயிலில் நன்றாகத் தூங்குவாள், இவருக்கும் வார நடுவில் ஒரு நாள் விடுமுறை வருகிறது. நான் உள்ளே வரக்கூட வேண்டியதில்லை, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் பையைப் பார்த்துக்கொள்கிறேன். டாக்டர் முகத்தைப் பார்க்காமல் பேசினால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும்.

குழுவில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் பதிவு இன்னும் முடியவில்லை. கீழ்ச் சுரங்களில் ஓடும் அடி வரிசை உங்களுடையது, அதை யாரும் தொடவில்லை. கெடு மூன்று முறை தள்ளிப்போய்விட்டது. ஒரு முறை ஜலதோஷம் தன் மைக்குக்கே ஜலதோஷம் என்றார், அடுத்த முறை லிஃப்ட் அண்ணன் தன் பூனை வில்லின் முடியைக் கடித்துவிட்டது என்றார். அவரிடம் பூனையே கிடையாது. யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. நீங்கள் அந்த வரிசையை வாசித்தாலும் சரி, விரலால் மீட்டினாலும் சரி, வாசிக்காமல் கூட இருந்து கேட்டாலும் சரி, அந்த இடம் உங்களுடையதுதான். இதை நானாகச் சொல்கிறேன், ஆனால் அவர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

பாப்பா சிணுங்குகிறாள், நான் எழுந்திருக்க வேண்டும். உங்கள் கைக்கும் உடம்புக்கும் ஒரு குறையும் வரக் கூடாது. வந்திருந்தால் அது சின்னதாக, சொன்ன பேச்சுக் கேட்பதாக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வேண்டுதல் அவ்வளவுதான், அக்கா. எழுதக் கை ஒத்துழைக்கவில்லை என்றால் போன் செய்யுங்கள், எண்ணை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பேசவும் மனமில்லை என்றால் வெறும் உறையை மட்டுமாவது அனுப்புங்கள், உங்கள் முகவரியைப் பார்த்து, கடிதத்தைப் படித்துவிட்டீர்கள் என்று புரிந்துகொள்கிறேன்.

எப்படியாவது சீக்கிரம் பதில் போடுங்கள்.

என்றும் உங்கள் அன்பை மறவாத தங்கை,
அரைத்தூக்கம்