இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகச் சுற்றும் கார்

திருக்காட்டுப்பள்ளி,
ஆனி மாதம், ஞாயிறு மதியம்.

அன்பு மகள் மதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. அந்த நியூசிலாந்துக் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் எல்லாரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை, அதை எழுதப் பேனாவை வைத்தால் கை நகரமாட்டேன் என்கிறது. அப்பா எழுந்து நடமாடுகிறார், சாப்பிடுகிறார், ஆகவே நலம் என்றே வைத்துக்கொள். பதறாமல் கடைசிவரை படி, பாதியில் நிறுத்திவிட்டு அப்பாவுக்குப் போன் போடாதே. வீட்டில் இருக்கிற ஒரே நல்ல போன் அவர் சட்டைப் பையில் இருக்கிறது, அதில் நான் என்ன பேசினாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார், என்ன அனுப்பினாலும் பார்ப்பார், அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒர்க்‌ஷாப் சலாஹுதீன் மகள் ஆசியாவிடம் கொடுப்பேன், அவள் தன் போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஊர்ச் சேதி என்று பார்த்தால், மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டது, வாய்க்கால் நிரம்ப ஓடுகிறது, குறுவைக்கு ஊரே சேற்றில் நிற்கிறது. தம்பி அறிவுச்செல்வன் திருச்சி ஹாஸ்டலிலிருந்து அழுக்குத் துணி மூட்டையோடு வந்தான், துவைத்த துணி மூட்டையோடு போனான், நடுவில் என்னிடம் பேசியது நாலு வார்த்தை இருக்கும். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து சத்துணவுக் கூடத்தில் வேலை சரியாக இருக்கிறது. அடுப்பு புதிதாகக் கொடுத்திருக்கிறார்கள், அதைப் பற்ற வைக்கவே எனக்குப் பயம், சமையலம்மாதான் வைக்கிறார். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்று நீயும் அப்பாவும் சிரிப்பீர்கள், சிரியுங்கள், ஆனால் இந்தத் தடவை சிரித்து முடித்த பிறகாவது நான் சொல்வதைக் கேள்.

உன் காருக்கு வருகிறேன். நீங்கள் இருவரும் போனில் பேசுவதை மாதக்கணக்காகக் கேட்டு எனக்கே பாதி மனப்பாடம். பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், முன்சக்கரம்தான் இழுக்கும், அதைப் பின்சக்கரம் தள்ளுகிற காராக மாற்றுகிறாய். முன்னால் இழுத்தால் என்ன, பின்னால் தள்ளினால் என்ன, ஏறின ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதாதா என்று நான் கேட்டதற்கு அப்பாவும் மகளுமாகச் சிரித்தீர்கள். திரும்புற வேலையையும் இழுக்குற வேலையையும் ஒரே சக்கரத்துக்குக் கொடுத்தா ரெண்டையும் அரைகுறையாத்தான் செய்யும்மா என்று நீ விளக்கினாய். அது எனக்குப் புரிந்தது, சத்துணவுக் கூடத்தையும் வீட்டையும் நானும் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். அதே காரில் நாலு சக்கரமும் ஓடுகிற ரகம் ஒன்று உண்டாமே, மோதி நொறுங்கின அப்படி ஒரு வண்டியைப் பழைய சாமான் கடையில் தேடிப்பிடித்து, அதன் கியர்பெட்டி, பின்னால் போகிற நீளத் தண்டு, பின் அச்சு எல்லாவற்றையும் கழற்றி உன் காரின் அடித்தகட்டை வெட்டிப் பொருத்தினாய், முன்சக்கரத்துக்குப் போகிற தண்டுகளை எடுத்துப் போட்டாய். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது என்று எல்லாம் பழையது, எல்லாம் உன் கைவேலை. காருக்கு அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற படத்தை அனுப்பினாயே, அன்றைக்கே எனக்குப் பயம் பிடித்தது, ஜாக்கி நழுவினால் என்ன ஆகும் என்று. அது வழக்கமான பயம், உன்னை முதன்முதலில் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்ட அன்றைக்கும் இருந்தது. இப்போது இருப்பது வேறு.

சித்திரை மாதத்தில் நீ ஒரு குறை சொன்னாய், வேகம் கொடுத்தால் ஒரு பின்சக்கரம் மட்டும் சும்மா சுற்றுகிறது, அதற்கென்று இருக்கிற நல்ல சாமான் வாங்க இப்போது வழியில்லை என்று. அப்பா சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து யோசனை சொன்னார். நம்ம டிராக்டர்ல லாக் இருக்குல்ல பாப்பா, சேத்துல ஒரு வீல் சுத்தி ஒரு வீல் நின்னுச்சுன்னா லாக்க மிதிச்சா ரெண்டும் சேர்ந்து தள்ளும், உன் வண்டியில லாக் இல்லன்னா ரெண்டு பின்வீலுக்கும் நடுவுல உள்ள டிஃபரன்ஷியல் பெட்டிக்குள்ள இருக்குற பல்லுச்சக்கரத்த வெல்டிங் வச்சு ஒட்டிடு, காசு செலவில்ல என்றார். நீ தயங்கினாய். இங்க சிலபேர் அப்படிச் செய்றாங்கப்பா, ஆனா திருப்பத்துல அடம்பிடிக்குமாம் என்றாய். அதற்கு அவர், இத்தன வருஷமா லாக்கப் போட்டுக்கிட்டேதான் ஓட்டுறேன், எனக்கு என்ன ஆச்சு என்றார். அது பொய்யில்லை. லாக் பெடலைக் குதிகாலால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், காலை எடுத்தால் விட்டுவிடும், அதற்குத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். நாள் பூராவும் மிதித்தால் கால் மரத்துப்போகிறது என்று உன் அப்பா பெடல் மேலெழும்பாதபடி ஒரு மூங்கில் துண்டைச் சொருகிவிடுவார். சேறடிக்கும்போது முழு நேரமும் லாக்கிலேயே ஓடும். மற்ற டிராக்டர்காரர்களுக்கும் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்து அதில் ஒரு பெருமை அவருக்கு. நீ ஒட்டிவிட்டாய். அப்பா சொன்ன மாதிரியே ஒட்டிட்டேன் என்று நீ சொன்ன அன்றைக்குத் தெருவில் போனவர்களை எல்லாம் நிறுத்தி, நியூசிலாந்துல ஓடப்போற காருக்கு இங்கேருந்து ஐடியா குடுத்திருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இனிமேல்தான் உன்னிடம் மறைத்தது. பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் கீழவயலில் சேறடித்து முடிக்கும்போது மழை கறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. நனைவதற்குள் வீடு சேரலாம் என்று அவசரமாக வாய்க்கால் கரைமேல் ஏற்றியிருக்கிறார், மூங்கில் துண்டை எடுக்க மறந்துவிட்டார். கரையில் நேராக வரும்வரை ஒன்றும் தெரியவில்லை. மதகுப் பக்கம் ரோடு வளைகிற இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்திருக்கிறார், முன்சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நேரே வாய்க்காலுக்குள் போய்விட்டது. அப்பா தண்ணீரில் விழுந்தார், டிராக்டர் அவர்மேல் கவிழாமல் மதகுச் சுவரில் மோதிச் சாய்ந்து நின்றது. அந்தச் சுவர் இல்லை என்றால் என்ன என்று என்னால் எழுத முடியவில்லை. நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து இழுத்துக் கரையேற்றியிருக்கிறார்கள். விலா எலும்பில் ஒரு விரிசல், இடது கை வீங்கியிருக்கிறது, கட்டுப் போட்டிருக்கிறது, டாக்டர் ஆறிவிடும் என்றுதான் சொன்னார். பிரேக் பிடிக்கல என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார். உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் உன் தலைமேல் சத்தியம் வாங்கினார். அதைத்தான் இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன். உன் தலைமேல் செய்த சத்தியத்தை மீறவும் பயம், மீறாமல் இருக்கவும் பயம், கோயிலுக்குப் போய் விளக்கேற்றி மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு விஷயம் தெரிந்தது சலாஹுதீனால். டிராக்டரை இழுத்துக்கொண்டுபோய் அவர் ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தோம். பிரேக் சரி பண்ணியாச்சா என்று கேட்கப் போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார். பிரேக்குல ஒண்ணுமில்லக்கா, அண்ணன் சொல்லாதேன்னாரு, ஆனா மறுபடி வண்டிய எடுத்துட்டுப் போவாருன்னு பயமா இருக்கு, அதான் சொல்றேன், லாக்கு விழுந்தே கெடந்துச்சு, மூங்கி இன்னும் சொருகினபடியே இருக்கு என்றார். லாக் விழுந்தால் ஏன் திரும்பாது என்று கேட்டேன். திருப்பத்தில் வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும், உள்பக்கத்துச் சக்கரம் குறைவாக ஓடவேண்டும், இரண்டையும் பூட்டிவிட்டால் ஒன்றை ஒன்று விடாது, வண்டி நேராகத்தான் போகப் பார்க்கும் என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைகோத்து வரிசையாக நடந்து மூலையில் திரும்பும்போது ஓரத்துப் பிள்ளை ஓட வேண்டியிருக்கிறதே, அதை ஓடவிடாமல் பிடித்துக்கொண்டால் வரிசை எப்படித் திரும்பும் என்று எனக்குப் பட்டது. அப்போதுதான் நீ ஒட்டினேன் என்று சொன்னது ஞாபகம் வந்தது. காரில் ஒட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். யாருக்கு என்று கேட்டார், சொன்னேன். சேத்துல சக்கரம் வழுக்கிக் குடுத்துரும்க்கா, வயலுக்குச் சரி, ரோட்டுல மொதல்ல திரும்பமாட்டேன்னு அடம்பிடிக்கும், ஈரத்துல வேகமாப் போனா ரெண்டு பின்வீலும் ஒரே நேரத்துல விட்டுரும், அப்பறம் பின்பக்கம் முன்னால வந்துரும் என்றார். வேண்டுமென்றே சறுக்கி ஓட்டுகிறவர்கள் அப்படி ஒட்டிக்கொள்வார்கள், அவர்களுக்கு அதுதான் பழக்கம் என்றும் சொன்னார். உனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, மதி. நீ அங்கே போய்த்தான் கார் ஓட்டவே கற்றுக்கொண்டாய்.

கார் தயாராகிவிட்டது, இந்த மாதக் கடைசி சனிக்கிழமை சிநேகிதி டிரெய்லரில் ஏற்றிப் பந்தய டிராக்குக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கப்போகிறேன் என்று நீ போன ஞாயிறு சொன்னாய். அப்பா எங்கே என்று கேட்டாய். உரக்கடைக்குப் போயிருக்கிறார் என்றேன், ஞாயிற்றுக்கிழமை எந்த உரக்கடை திறந்திருக்கும் என்று நீ கேட்கவில்லை, பிழைத்தேன். போனை என் கையில் கொடுத்துவிட்டு அவர் கொல்லையில்தான் நின்றார். உன் குரல் கேட்கிற தூரத்தில் நின்றார், பேச வரவில்லை. நீ போனை வைத்ததும் வந்து, எப்போ ஓட்டப்போறாளாம் என்று மட்டும் கேட்டார். சொல்லிவிடுங்கள், நீங்கள் சொன்னது தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் எடுத்துவிடுவாள் என்று கெஞ்சினேன். அது சின்ன வண்டி, அது வேற, உனக்கு ஒண்ணும் தெரியாது என்று கத்தினார். கத்திவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எம்பேச்ச நம்பி வெல்டிங் வச்சு ஒட்டிருக்கா தாமரை, இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது என்றார். அன்றையிலிருந்து காலையில் எழுந்ததும் போனை எடுத்து உன் ஊரில் மழையா என்று பார்க்கிறார். நம் வயலில் மழை பெய்தால்கூட அண்ணாந்து பார்ப்பதில்லை. நேற்று நாலு தடவை பார்த்துவிட்டார். அங்கே இது மழைக்காலமாம், எப்போது பார்த்தாலும் போனில் மேகமும் தூறலும்தான் காட்டுகிறது.

அதனால் நான் சொல்கிறபடி செய். ஒட்டினதைப் பிரிக்க முடியாது, வேறு ஒன்றுதான் மாற்ற வேண்டும் என்று சலாஹுதீன் சொன்னார், அதே பழைய சாமான் கடையில் ஒட்டாத ஒன்று கிடைக்காமலா போகும். கிடைக்கிறவரை அந்தக் கார் உன் ஷெட்டை விட்டு வெளியே வரக்கூடாது, டிராக்கும் வேண்டாம், தெருமுனை வரைக்கும்கூட வேண்டாம். ஒரு சக்கரம் சும்மா சுற்றினால் சுற்றட்டும், மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். இது உனக்காக. இன்னொன்று அப்பாவுக்காக. இதைப் படித்தேன் என்று அவரிடம் காட்டிக்கொள்ளாதே, வாய்க்காலைப் பற்றிக் கேட்காதே, லாக்கைப் பற்றி விளக்கம் கேட்காதே, கேட்டால் பழையபடி எனக்கு என்ன ஆச்சு என்பார், அதைச் சொல்லிவிட்டால் பிறகு அவராலேயே திரும்ப முடியாது. நீயாகக் கூப்பிட்டு, அப்பா, எனக்கு அந்த வண்டிய ஓட்டப் பயமா இருக்கு என்று மட்டும் சொல். நீ சின்னப் பிள்ளையிலிருந்து அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை, அவரும் உன்னிடம் சொன்னதில்லை, எனக்குத் தெரியும். உனக்குப் பயம் இல்லை என்றாலும் சொல். நீ சொல்லி முடிப்பதற்குள் அவர் கழற்றிடு பாப்பா என்று சொல்லிவிடுவார், அவர் அதைச் சொல்லத்தான் காத்துக்கொண்டிருக்கிறார். பயப்படுவதற்கு இந்த வீட்டில் அம்மா ஒருத்தி இருக்கிறாள் என்று நீங்கள் இரண்டு பேரும் இத்தனை நாள் நிம்மதியாக இருந்துவிட்டீர்கள். இதை நான் தனியாகச் சுமக்க முடியவில்லை, ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், எந்தச் சக்கரத்தால் வேண்டுமானாலும் ஓடிக்கொள், உயிரோடு ஓடு. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு காருக்கு அடியில் படு, ஜாக்கியை மட்டும் நம்பாமல் கட்டை கொடுத்துப் படு. ஆசியாவுக்கு ஒரு வார்த்தை, கிடைத்தது என்று போடு, அது வரும்வரை அவர்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். அப்பாவுக்கு இன்றைக்கே போன் போடு.

உன் அம்மா,
நெ. செந்தாமரை