குழலி உட்கார்ந்த இடம்

ஜூலை 7, திங்கள்

இன்றும் கிடைக்கவில்லை. கலைவாணிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்ததால் வந்தவாசியை விட்டு, மாநில எல்லை தாண்டி லாஸ்பேட்டைக்கு வந்தோம். நான் வேலையை விட்டுவிட்டு வந்தவன். அவள் டியூட்டிக்குக் கிளம்பியதும், நானும் மகள் குழலியும் பள்ளிக்கூடம் தேடிக் கிளம்புகிறோம்.

"ரெண்டாங் கிளாஸ் ஃபுல் சார். ஜூன்லயே வந்திருக்கணும்."

எல்லா இடத்திலும் இதே பதில். வண்டியைக் கடற்கரைப் பக்கம் திருப்பினேன். பாறைமேல் உட்கார்ந்து இரண்டு பேரும் அலையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். தண்ணீரில் வெயில் விழுந்து வெள்ளையாகக் கூசியது. எனக்கு வேலை இல்லை, அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பதெல்லாம் வேறு யாருக்கோ நடப்பதுபோல இருந்தது.

ஜூலை 9, புதன்

"தமிழ்நாட்டு ஆதாரா?" என்று ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அப்படியே வீராம்பட்டினம் போனோம். கரையில் ஏற்றி வைத்திருந்த படகு நிழலில் குழலி என் மடியில் தூங்கிப்போனாள். நானும் கண்ணை மூடினேன். மணல் மெல்ல நகர்ந்து எங்களை எங்கேயோ கொண்டுபோவதுபோல இருந்தது.

ஜூலை 10, வியாழன்

கனவில் ஒரு பள்ளிக்கூடம். தரையெல்லாம் தண்ணீர், பெஞ்சுகள் மிதக்கின்றன. குழலி ஒன்றில் ஏறிப் போய்விட்டாள். கூப்பிட வாய் வரவில்லை. விழித்தால் வெளியே மழை.

ஜூலை 13, ஞாயிறு

"இந்த மாசத்துக்குள்ள கிடைக்கலன்னா உங்க அக்கா வூட்டுல விட்டுடலாங்க. பழைய ஸ்கூல்லயே படிக்கட்டும்" என்றாள் கலைவாணி. வந்தவாசியில் இருக்கும் அக்கா பாக்கியலட்சுமியிடம் போனில் பேசியும் விட்டாளாம். அக்காவும் சரி என்றுவிட்டது.

அப்புறம் கேட்டாள்: "நீங்க ஸ்கூல் தேடுறீங்களா, ஊர் சுத்திக் காட்டுறீங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். களைத்துப்போன குரல். குழலி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தோம்.

நான் தேடுகிறேனா? இடம் கிடைத்துவிட்டால் இந்தப் பகல்கள் போய்விடுமே என்று — சே.

ஜூலை 14, திங்கள்

இன்று எங்கேயும் உட்காரவில்லை. மூன்று பள்ளிக்கூடம். மூன்றிலும் இல்லை.

ஜூலை 16, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

முத்தியால்பேட்டை பக்கம் ஓர் அரசுப் பள்ளி. தலைமையாசிரியை நல்ல மாதிரி, ஆனாலும் அதே பதில்தான். "ஏற்கெனவே நெருக்கிப் புடிச்சு உக்காந்திருக்குதுங்க சார். எங்க வெப்பேன்?" நான் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் நின்ற குழலியைக் காணோம்.

கேட்டுக்கு ஓடினேன், தெருவில் இல்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இல்லை. உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைசி பெஞ்சு ஓரத்தில், பாதி உடம்பு வெளியே இருக்க, கலர் சட்டையோடு குழலி. எல்லாரோடும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

வகுப்பு ஆசிரியை செந்தமிழ்ச்செல்வி அவள் பக்கத்தில் போய்க் குனிந்தார். "யாரும்மா நீ? ஏன் இங்க வந்து உக்காந்த?"

"இங்க உக்காந்துட்டா அத்தை வூட்டுக்கு அனுப்ப மாட்டாங்கல்ல?"

ஞாயிறு ராத்திரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள் தூங்கவில்லை. படகு நிழலில் நான் கண்ணை மூடியிருந்தபோதும் தூங்கினாளோ என்னவோ.

தலைமையாசிரியை என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். செந்தமிழ்ச்செல்வி டீச்சர்தான், "கொஞ்சம் தள்ளி உக்காருங்கடி" என்றார். நாலு பிள்ளைகள் நகர்ந்தார்கள். குழலி முழுசாக உட்கார்ந்தாள்.

"டிசி வந்ததும் கொண்டாந்து குடுங்க சார்" என்றார் தலைமையாசிரியை. "புள்ள இருக்கட்டும்."

வெளியே வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது. வேலைக்கு ரெண்டு இடத்தில் சொல்லி வைத்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி கம்பெனியில் டிசைன் வேலை. சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது.

சாயங்காலம் வாசலில் ஒரு பிள்ளைக் கூட்டம். "அங்கிள், குழலி இருக்குதா?" என்றாள் முன்னால் நின்றவள். மேனகாவாம், அதே பெஞ்சு. நான் வாயைத் திறப்பதற்குள் குழலி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். கலைவாணி கதவோரம் நின்று சிரித்தாள்.

தெருக்கோடியில் ஒரே கூச்சல். அதில் எங்கள் பிள்ளையின் குரல் எது என்று கவனித்துக் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியவில்லை.