நாற்பத்திரண்டு பாட்டில்

9.1.2019

வாலு,

மூணு மணி நேரம் பஸ்ல மூட்டையோட வந்தவனை உன் பசுமைக்குடில் வாசல்லயே நிறுத்திட்டே. வயல்ல இருந்து வர்றவங்க உள்ளே வரக்கூடாதாம். காவலாளி சொன்னாக்கூடப் பரவாயில்லை. நீயே வெள்ளைக் கோட்டைப் போட்டுகிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கையை ஆட்டினே. உன்கிட்ட வேலை செய்யறவங்க எல்லாம் பார்த்தாங்க. உன்னைத் தோள்ல தூக்கி வளர்த்தவனுக்கு நல்ல மரியாதை.

வாசல்ல போட்டுட்டு வந்த மூட்டையில இருக்கறது நம்ம சிவப்பு உருளைக்கிழங்கு. மூணு வருஷமா இலை சுருண்டு விளைச்சல் பாதியாயிடுச்சு. என்னன்னு பார்க்கணும்னா பாரு. நான் இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்.

உன் அண்ணி கேட்டதா எழுதச் சொன்னா.

அண்ணன்

24.1.2019

அன்புள்ள அண்ணா,

கோபம் ஆறியிருக்காது, தெரியும். ஆனா நாளைக்கு வந்தாலும் நிறுத்தத்தான் செய்வேன். செடிக்குச் செடி வைரஸைப் பரப்பற அசுவினிப்பூச்சி ஒண்ணு உன் சட்டையில ஒட்டிகிட்டு வந்தா போதும், உள்ளே இருக்கற பதினோராயிரம் செடிக்கும் ஆபத்து.

முப்பது கிழங்கு எடுத்துச் சோதிச்சேன். முப்பதுலயும் வைரஸ். மருந்தடிச்சுப் போகாது. முளைக்க வச்சு, சில வாரம் சூட்டுல வளர்த்து, குருத்து நுனியில ரவையைவிடச் சின்னத் துணுக்கா நறுக்கி பாட்டில்ல வளர்க்கப் போறேன். அந்த நுனிவரைக்கும் வைரஸ் பெரும்பாலும் எட்டாது. நாற்பத்திரண்டு பாட்டில். எனக்குக் கைவந்த வேலை.

நீ ஒண்ணு செய்யணும். பழைய கிழங்கு ஒண்ணுகூட மிச்சம் இருக்கக்கூடாது. தோண்டி எடுத்துட்டு மக்காச்சோளம் போடு. பாட்டில் அத்தனையும் கைவிட்டா, வேற யாரும் பயிர் செய்யாத நம்ம சிவப்பு அப்புறம் எங்கேயும் இருக்காது, அது எனக்கும் தெரியும். என்னை நம்பு.

வாலு

2.3.2019

வாலு,

தோண்டியாச்சு, சோளம் போட்டாச்சு. எனக்கு மூளை கலங்கிடுச்சான்னு பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டார். தங்கச்சி சொன்னான்னு சொன்னேன்.

மறைச்சா மனசு கேட்காது. ஒரு கூடையைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தேன். உன் அண்ணி கண்டுபிடிச்சு, நேத்து அத்தனையும் வேகவச்சுட்டா. மூணு நாளைக்கு வீட்டுல வேற சாப்பாடு கிடையாது.

இனி உன் நாற்பத்திரண்டு பாட்டில்தான்.

அண்ணன்

15.6.2020

அன்புள்ள அண்ணா,

முப்பத்தொன்பது பாட்டில்ல வைரஸ் போகலை. அழிச்சுட்டேன். மூணு சுத்தம். மூணு தடவை சோதிச்சுட்டுத்தான் எழுதறேன்.

அந்த மூணையே நறுக்கி நறுக்கி எண்ணூறு செடியாக்கி, குடில்ல நட்டுக் கிழங்கும் எடுத்தாச்சு. பெட்டி வருது. கோலிக்குண்டு மாதிரி இருக்கேன்னு சலிச்சுக்காதே, விதைக்கிழங்கு இப்படித்தான் ஆரம்பிக்கும். உன் தோட்டத்துல அது பெருசாகும்.

நீ வர மாட்டேன்னுதான் பெட்டியை அனுப்பறேன். வந்து வாங்கியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்.

வாலு

20.11.2020

அன்பு வாலு,

நேத்து நேர்ல சொல்ல வாய் வரலை, அதான் எழுதறேன்.

ஒரு இலைகூடச் சுருளலை, நீயே பார்த்தே. ஆனா வந்த உடனே உன்னை வேலிக்கு வெளியே நிறுத்திட்டேனே. பக்கத்துத் தோட்டத்துல இறங்கி, இலை சுருண்ட அவர் உருளைச் செடியைத் தொட்டுப் பார்த்துட்டு நேரா வந்தே. என்னை அறியாம கை நீட்டி மறிச்சுட்டேன். புடவை மாத்து, செருப்பை இங்கேயே விடுன்னு சொன்னேன். பக்கத்துத் தோட்டக்காரர் பார்த்துகிட்டே நின்னார். உன் அண்ணி மாத்துப் புடவையோட ஓடி வந்தா.

நீ சிரிச்சுகிட்டே செருப்பைக் கழட்டினே. அன்னைக்கு உன் குடில் வாசல்ல நான் சிரிக்கலை, மூட்டையைப் போட்டுட்டுப் போயிட்டேன். நெஞ்சு உறுத்துது.

அடுத்த வாரம் வர்றேன். உள்ளே விட வேண்டாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு நானும் கையை ஆட்டறேன்.

உன் அண்ணன்