இறக்கத்தில் நியூட்ரல்

ஏனுங்க,

முப்பது வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இனிப் பேரைச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள நீங்கள் இல்லை. இருந்தாலும் வாயில் வரமாட்டேன் என்கிறது.

உங்கள் கார் இன்னும் மலைமேல் செம்மநத்தத்தில் நம் வாசலில்தான் நிற்கிறது. நீங்கள் போன இந்த இரண்டு வருடத்தில் அதற்குக் கொட்டியதில் இரண்டு கறவை மாடு பிடித்திருக்கலாம். முதலில் கிளட்ச், அப்புறம் ரேடியேட்டர். போன மழையில் தகரம் துருப்பிடித்து, கால் வைக்கும் இடத்தில் ரோடு தெரிந்தது. அடிவாரத்து மெக்கானிக் என்னைக் கண்டாலே தலையைச் சொறிகிறார். "ஏனுங்கக்கா, இந்த மாடலுக்குச் சாமானே வர்றதில்லீங்க. பழைய இரும்புக் கடையில தேடித்தான் போடோணும். வித்துப்போடுங்க" என்கிறார். இந்த வருடம் காப்பிக்கொட்டை விற்ற காசு பிரேக்குக்கே போய்விட்டது. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். யானையாவது தும்பிக்கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்யும்.

விற்கலாம் என்றால் உங்கள் மகன் குமரேசன் விடுவதில்லை. "அப்பா உக்காந்த சீட்டும்மா" என்கிறான். ஊரும் அதையே சொல்கிறது. அந்த சீட்டில் நீங்கள் எப்படிப் போனீர்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை.

அன்று காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "வாயுதான்" என்றீர்கள். குமரேசன் அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தான். எனக்கு ஓட்டத் தெரியாது. சேலத்து ஆஸ்பத்திரிக்கு நீங்களே ஓட்டினீர்கள். மலை இறங்கும்போது எப்போதும்போல நியூட்ரலில் விட்டீர்கள். பெட்ரோல் மிச்சமாம்.

"இன்னைக்காச்சும் கியர்ல போங்க" என்றேன்.

"வளைவுக்கு வளைவு பிரேக்க மிதிச்சாப் போதும். நீ பேசாம வா."

கியர் பிடிப்பு இல்லாமல் பிரேக்கையே மிதித்ததில், பாதி மலையில் பிரேக் காய்ந்து சக்கரத்தில் புகை வந்தது. சூடு ஆறட்டும் என்று ஓரம் கட்டினீர்கள். பின்னால் பஸ் வந்தது. நான் கை நீட்டினேன். "நம்ம வண்டிய ரோட்டுல உட்டுப்போட்டு பஸ்சுலயா போறது?" என்று என் கையை இழுத்து இறக்கினீர்கள். பஸ் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் உங்கள் தலை என் தோளில் சாய்ந்தது. அப்புறம் நிமிரவே இல்லை.

எவ்வளவு பெட்ரோல் மிச்சமாச்சுங்க? நான் ஏன் அந்த பஸ்ஸுக்குக் குறுக்கே போய் விழவில்லை?

நம் மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இது எட்டாம் மாதம். போன வாரம் செக்கப்புக்காக அந்தக் காரிலேயே கிளம்பினோம். இரண்டு வளைவு தாண்டியதும் குமரேசன் நியூட்ரல் போட்டான். "அப்பா இப்படித்தாம்மா ஓட்டுவாரு" என்றான், பெருமையாக.

நிறுத்தச் சொன்னேன். "எறங்கு கண்ணு, பஸ்சுல போலாம்" என்று செல்வியைக் கீழே இறக்கினேன். அந்த ரோட்டோரத்திலேயே இரண்டு பேருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். குமரேசன் வெகுநேரம் ஸ்டியரிங்கை விடவில்லை. அப்புறம் அழுதான்.

"இத்தன நாளும் ஏம்மா சொல்லல?"

உங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. உங்கள் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேலும்தான்.

நாளைக்குப் பழைய இரும்புக்காரர் வருகிறார். உடைத்துத்தான் விற்க வேண்டும், முழு வண்டியாக யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பிரசவத்துக்கு மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்காரர் வருவார். கியரிலேயே இறங்குவதாக அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் படத்துக்கு ஒரு வாரமாகப் பூ வைக்கவில்லை. செல்வி நல்லபடியாகப் பிள்ளையோடு ஊடு வந்து சேரட்டும். அன்றைக்கு நானே மாலை கட்டிப் போட்டு, பேரப்பிள்ளையை உங்களுக்குக் காட்டுகிறேன். அதுவரைக்கும் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் ஊட்டுக்காரி,
செல்வியின் அம்மா