வாய் திறந்து காட்டிய தொக்கம்

என் அருமை மதினிக்கு,

தாமரை இன்று காலையில் ஒன்றரை இட்லி தின்றுவிட்டு இன்னும் அரை கேட்டாள். இதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. அண்ணன் இன்னும் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை.

நம் போடியில் பிள்ளைக்குச் செரிக்கவில்லை என்றால் தொக்கம் எடுக்கத்தானே ஓடுவோம்? ஏலத்தோட்டத்து ஜீப்பிலிருந்து நீங்கள் இறங்கும்போதே வாசலில் ஆள் நிற்கும். வயிற்றைத் தடவி, வாய் வைத்து உறிஞ்சி, உள்ளே சிக்கியிருந்தது என்று ஒரு தேங்காய்ச் சில்லைத் துப்பிக் காட்டுவீர்கள். தாமரைக்கும் மூன்று முறை எடுத்தீர்கள். ஆனாலும் நேற்றுத் தின்ற சோறு இன்றைக்கு அப்படியே வாந்தியாக வந்தது. என் எட்டு வயதுப் பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

நான்காம் முறை அவளைக் கூட்டிவந்த அன்று நாலைந்து பேர் காத்திருந்தார்கள். நீங்கள் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு உங்கள் வாயைத் திறந்து காட்டினீர்கள். கடைவாயில் தேங்காய்ச் சில்லு.

"இத நாந்தான் அடக்கி வச்சிருக்கேன் செல்வி. இவ வயித்துல ஒண்ணும் சிக்கல. வெரசா மதுரைக்குக் கூட்டிட்டுப் போ, என்னைய நம்பிக்கிட்டு இருக்காத."

எனக்கு வந்த கோபத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். காத்திருந்தவர்களும் எழுந்து போனார்கள். அதன்பிறகு யாருமே வரவில்லை. என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, மதுரைக்குப் போ என்று சொல்லியிருக்கலாமே மதினி? வேறு ஆளிடம் தொக்கம் எடுக்கப் போய்விடுவேன் என்று பயந்தீர்களோ? போயிருப்பேன்தான்.

மதுரையில் மருந்து கலந்த சாப்பாட்டைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். இரைப்பை மெதுவாகத்தான் அசைகிறதாம், தின்றது கீழே இறங்காமல் தங்கிவிடுகிறதாம். பெரியவர்களுக்கும் வருமாம், அஜீரணம் என்றே வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிவார்களாம். மருந்து தருகிறேன், குழைய வேகவைத்து ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறேன். இப்போதும் சில நாள் வாந்தி வருகிறது. ஆனால் எடை கூடியிருக்கிறது.

உங்கள் துணிச்சலில் பாதிகூட எனக்கு இல்லை. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி, "ஒங்க மதினி ஊரையே ஏமாத்துனவதான?" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இனி யார் கேட்டாலும், "ஆமா, ஏமாத்துனாங்க. எம்புள்ள பொழைக்கணும்னு அத அவங்களே சொன்னாங்க" என்று நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்வேன்.

உங்கள் நாத்தனார்,
செல்வி