இன்ஜினைக் கழற்றிக்கொண்டே கேட்டவனுக்கு

நேற்று கூட்டத்துக்குத் தலைச்சாயம் பூசிக்கொண்டு போனேன் மச்சி. குப்பத்துச் சமூகக் கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை. வியர்வையோடு சாயம் இறங்கி வெள்ளைக் காலரில் கறுப்புக் கோடு போட்டுவிட்டது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம்தான். சாகும்வரை ஒரு நரைகூட இல்லாத பாவி நீ. உன்மேல் எனக்குப் பொறாமை அங்கேயே ஆரம்பம்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மனசு சரியில்லையென்றால் போய்ப் பேச ஓர் இடம் வரப்போகிறது. அது எப்படி இருக்கவேண்டும் என்று ஊர்க்காரர்களையே கேட்கத்தான் கூட்டம். நான் எழுந்து, ஏசி வேண்டும் என்றேன். எட்டாவதோடு நின்றவனின் யோசனை அவ்வளவுதான்.

அப்புறம் என் மகள் ஸ்டெல்லா எழுந்தாள். போன வருஷம் காலேஜுக்குப் போகாமல் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தாளே, அவள்தான்.

"எதிர்ல சேர் போட்டு மூஞ்சியப் பாத்துக்கினு கேக்காதீங்க. வாயே வராது. மாமா போட் இன்ஜினக் கழட்டிக்கினே கேப்பாரு. அவராண்டதான் எல்லாம் சொன்னேன்."

மாமா என்றால் நீ. கூட்டம் நடத்த வந்திருந்த டாக்டரம்மா குறித்துக்கொண்டார். மேசை வேண்டாம், கடலைப் பார்த்து பெஞ்சு போடலாம் என்று முடிவானது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

சாயங்காலமானால் எழுந்து அவள் உன் ஷெட்டுக்கு வந்ததெல்லாம் எனக்குத் தெரியும். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறாள் என்றுதான் நினைத்தேன். என்னதான் பேசுகிறாள் என்று உன்னைத் துருவினேன். "அதுவா சொல்லும் மச்சி. நீ கம்முனு இரு" என்றாய். நான் கம்மென்று இருக்கிற ஆளா? கட்டிலுக்கு எதிரே ஸ்டூல் போட்டு, போலீஸ்காரன் மாதிரி இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று நச்சரித்தேன். அவள் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவன் நான். பேச்சு மட்டும் உன்னோடு. மாரடைப்பில் நீ பாட்டுக்குப் போய்விட்டாய். சட்டையைப் பிடித்துக் கேட்கவும் ஆளில்லை.

கூட்டம் முடிந்து மணலில் சேர்ந்து நடந்தோம்.

"இன்னா நைனா, கம்முனு வர்ற?"

ஏசி கேட்டது தப்பா என்று யோசிக்கிறேன் என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

அது போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். தொண்டை வரை வந்து நின்றதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: "என்னாண்ட சொல்ல இன்னாம்மா பயம் உனக்கு?"