காலி வீட்டுச் சுவர்

அம்மா, எதிர் லைன் வீட்டில் யாரோ சுண்ணாம்பு ஊற வைத்திருக்கிறார்கள். அந்த வாடை ஜன்னல் வழியாக வந்து தொண்டையைப் பிடிக்கிறது. சேர்வராயன் சாமிக்கு நோம்பித் திருவிழா நெருங்கிவிட்டது. நீ இல்லாத முதல் நோம்பி.

போன வருடம் இதே சமயத்தில்தான் எஸ்டேட் கைமாறியது. காபிச் செடிகளைப் பிடுங்கிவிட்டு ரிசார்ட் கட்டுவார்கள், நம் லைன் வீடுகளை இடிப்பார்கள் என்று நாகலூர் முழுக்கப் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். நீயோ எப்போதும்போல சுண்ணாம்பு அடிக்கிற மட்டையும் வாளியுமாக நின்றாய்.

“இடிக்கப்போற ஊட்டுக்கு எதுக்கும்மா சுண்ணாம்பு?” என்று கத்தினேன்.

“இன்னும் இடிக்கலையே கண்ணு. நோம்பிக்கு ஊடு கருப்பாவா கெடக்கும்?”

லைனில் எல்லா வீடுகளுக்கும் சேர்த்து ஒரே நீளச் சுவர். நம் பங்கோடு நிறுத்த உனக்கு மனம் வரவில்லை. காலியாகிவிட்ட பக்கத்து வீட்டுச் சுவருக்கும் சேர்த்து அடித்துவிட்டாய். அதுதான் வினையானது. மறுநாள் புது முதலாளியின் சூப்பர்வைசர் ஜீப்பிலிருந்து இறங்கியதுமே ஆரம்பித்தான்.

“இருக்கற ஊட்டையே காலி பண்ணச் சொல்றோம். நீ ரெண்டு ஊடு புடிக்கறயா?”

“ஐயோ, இல்லீங்க சார். பாதியில உட்டா பாக்க நல்லா இருக்காதுங்க.”

“அப்ப நல்லாவே அடி. இடிக்கறப்பப் பாக்க அழகா இருக்கும்.”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் சண்டைக்குப் பாய்ந்தேன். நீ என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாய். அவன் மேல் இருந்ததைவிட உன்மேல்தான் எனக்குக் கோபம். மூன்று தலைமுறை உழைத்த இடத்தில் ஒரு சுவருக்கு வெள்ளையடிக்கவும் கெஞ்ச வேண்டுமா?

மழைக்காலக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். இப்போது தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் அந்தச் சுவரைச் சொல்லி உன்னைத் தைரியசாலி என்கிறார்கள். பொய். நீ பயந்தாய். அதனால்தான் வருடா வருடம் செய்ததையே செய்தாய். எங்கே போவதென்று தெரியாதவளுக்கு வேறு என்ன இருந்தது?

இன்று காலை அதே சூப்பர்வைசர் வந்து வீட்டுச் சாவியைக் கேட்டான். அவனைத் திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன்.

“மாத்து ஊடு காட்டுங்க. அது வரைக்கும் சாவி தர மாட்டேன்,” என்று மட்டும் சொன்னேன்.

“நாளைக்குப் போலீசோட வர்றேன். அப்பப் பேசு,” என்று போனான்.

பயமாக இருக்கிறது அம்மா. இந்தப் பயத்தை நீதான் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாய். பயந்துகொண்டேகூட ஓரிடத்தில் இருந்துவிட முடியும் என்பது உன்னைப் பார்த்ததால்தான் தெரியும். உலை வைத்திருக்கிறேன். நாளைக்கும் சேர்த்தே அரிசி போட்டிருக்கிறேன்.